நான் தூக்கிப் போட்ட துடைப்பக் குச்சி

ரிப்பேருக்கு வந்த சாமானைத் திறந்தவுடன், உள்ளே கிடக்கும் தேவையில்லாததை எடுத்து வெளியே போடத்தான் கை போகும். போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் என்பதற்கு.

மெக்கானிக் சங்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்து, "பெரியவரே, தொழிலுக்குப் புதுசா வர்ற பசங்களுக்கு நீங்க எதனா எழுதித் தரணும்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். நான் படித்தது அஞ்சாவது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். ஸ்பிரிங் மாற்றுவது, சால்டரிங் வைப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததை மிஷினே சொல்லிக்கொடுத்துவிடும். மிஷின் எனக்குச் சொல்லிக்கொடுக்காத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அது நான் செய்த தப்பு.

உத்திரமேரூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் தன் கடையில் பாதியை எனக்கு விட்டிருந்தார். அவருடைய பஞ்சர் தொட்டி அந்தப் பக்கம், என் மேசை இந்தப் பக்கம். நயா பைசா வந்த புதுசு. டிரான்சிஸ்டர் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாட்டு வேண்டும் என்றால் கிராமபோன். பெரிய புனல் வைத்ததெல்லாம் வசதியான வீட்டில் இருக்கும். என்னிடம் வந்தது கைப்பெட்டிகள். மூடினால் துணிமணி வைக்கும் பெட்டி மாதிரி இருக்கும், கைப்பிடி பிடித்துத் தூக்கிப் போகலாம். திறந்து, பக்கத்தில் சாவியைச் செருகிச் சுற்றி, பாட்டுப் பிளேட்டை வைத்து ஊசியை இறக்கினால் பாடும். கரண்டு வேண்டாம். அப்போது கரண்டு இல்லாத ஊர்தான் அதிகம்.

அந்தப் பெட்டியில் வேகத்துக்கு ஒரு சின்னக் கம்பி உண்டு. தட்டுக்கு ஓரமாக ஒரு பிளவில் நகரும். இப்படித் தள்ளினால் தட்டு வேகமாகச் சுற்றும், அப்படித் தள்ளினால் மெதுவாகச் சுற்றும். வேகம் கூடினால் பாடுகிற குரலும் மேலே ஏறும். குறைந்தால் குரலும் இறங்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான வேகம் நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று. மெட்ராஸில் நான் தொழில் கற்ற கடையின் பாய் அதை எண்ணிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பிளேட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வெளியே நீட்டி வைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தத் துண்டு எத்தனை தடவை விரலைத் தொட்டுவிட்டுப் போகிறது என்று எண்ண வேண்டும். "எழுவத்தேழு இருந்தாலும் பெட்டிய வெளிய அனுப்பாதே. பாடுனவங்க பாடுனபடி கேக்கணும். அதுதான் நம்ம ஈமான், நம்ம நாணயம்" என்பார். நானும் அப்படியே இருந்தேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் காகிதம் வைத்து எண்ணிக் கொடுக்கிற ஆள் நான் ஒருவன்தான். அதில் எனக்கு ஒரு கர்வம்.

தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும். சாலவாக்கத்துக்கு அப்பால் ஒரு சேரியிலிருந்து உபதேசியார் ஒருவர் வந்தார். பாதிரியார் வராத நாளில் அந்த ஊர் வேதக்கோயிலைப் பார்த்துக்கொள்பவர். தேவசகாயம் என்று பேர். கையில் குடை. பின்னால் ஒரு பெண் தலையில் சும்மாடு வைத்துப் பெட்டியைத் தூக்கி வந்தாள். முப்பது வயது இருக்கும். பெட்டியை மேசையில் இறக்கிவிட்டு, கடைக்கு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

"சாவி குடுத்தா வழுக்குது மெக்கானிக்கு. பாதிப் பாட்டுல படுத்துக்குது" என்றார் உபதேசியார்.

"ஸ்பிரிங்கு போயிருக்கும். மெட்ராஸ்லேந்து வரவைக்கணும்."

"வரவை. ஆனா அறுப்பின் பண்டிகைக்கு ஓடியாவணும். இது மிஷன் பொட்டி, வெள்ளக்கார அம்மா வுட்டுட்டுப் போனது. என்னத் தவுர ஒருத்தரும் தொட முடியாது. தொட்டா கைய ஒடிச்சிடுவேன்னு சொல்லி வெச்சிக்கிறேன்."

வெளியில் நின்றவள் தரையைப் பார்த்தாள். அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

"பண்டிகைக்கு இன்னா அவ்ளோ அவசரம்?" என்றேன்.

"எனக்கு இல்லப்பா, இவளுக்கு" என்று குடையால் வெளியே காட்டினார். "இவ ராகேலு. எங்க கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்கறவ. ஆர்மோனியம் ஏது எங்களுக்கு? மொதல்ல பொட்டி பாடும். அதும் குரலப் புடிச்சிக்கினு இவ பாடுவா, இவளப் புடிச்சிக்கினு சனம் பாடும். இந்தப் பண்டிகைக்கு காஞ்சிபுரத்து ஐயர் வராரு."

அவர்கள் பேச்சில் ஐயர் என்றால் பாதிரியார்.

"அங்க பொண்ணுங்க ஆஸ்டல்ல பாட்டு சொல்லிக்குடுக்க ஒரு ஆளு வேணுமாம். இவ பாடறதக் கேட்டுட்டு சொல்றேன்னுட்டாரு. கெடச்சிதுன்னா மாசச் சம்பளம், தங்க எடம். இவ பொண்ணும் அங்கியே படிச்சிக்கும். இல்லன்னா இவளும் நடவு, இவ பொண்ணும் நடவு. புருசன் போயி நாலு வருசம் ஆவுது. செங்கல்பட்டுலேந்து வேற ஒரு அம்மா ரெடியா கீறாங்களாம்."

இத்தனையும் அவள் காதில் விழத்தான் சொன்னார். உபதேசியார் வெளியே போய்க் குடையை விரித்தார். அப்போது அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அண்ணா, பாட்டு மாறாம பாத்துக்க."

"இன்னாமா?"

"பாட்டு மாறக் கூடாது. இப்ப எப்பிடி கீதோ அப்பிடியே இருக்கணும்."

உபதேசியார் திரும்பினார். "அவரு தொழிலு அவருக்குத் தெரியாதா? நீ வா."

"மாறாதும்மா. மணியாட்டம் ஓடும்" என்றேன்.

அவள் இன்னும் ஏதோ சொல்ல வருகிற மாதிரி நின்றாள். பிறகு போய்விட்டாள்.

வழுக்கிக்கொண்டே ஓடின கொஞ்ச நேரத்தில் காகிதம் வைத்து எண்ணிப் பார்த்தேன். எழுபது. எட்டு குறைச்சல். சரி, பெட்டி சோர்ந்துபோய்விட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வேகக் கம்பி ஓடுகிற பிளவில் ஒரு தென்னந்துடைப்பக் குச்சி செருகியிருந்தது. ஒரு விரற்கடை நீளம். கம்பி லூசு, குலுங்கினால் வேகமான பக்கம் நகர்ந்துவிடும். அதை நகரவிடாமல் குச்சி பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சீவி, பிளவுக்கு அளவாக வைத்த குச்சி. அதை நான் கவனித்தேன். கவனித்தும், எந்தப் பிள்ளையோ விளையாட்டாகச் செருகியது என்று முடிவு செய்தேன். சாமணத்தால் பிடுங்கி வீசினேன். சைக்கிள் கடைக்காரரின் பஞ்சர் தொட்டி ஓரமாகப் போய் விழுந்தது.

பிள்ளைகள் அளவெடுத்துச் சீவமாட்டார்கள். இது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஸ்பிரிங் வந்து சேர்ந்தது பண்டிகைக்கு முந்தின நாள். மாற்றினேன். கம்பியின் திருகை இறுக்கினேன். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் எழுபத்தெட்டு. மறுநாள் விடிந்ததும் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். குலுங்கக் கூடாது என்று அடியில் வைக்கோல் வைத்தேன். ஏரிக்கரை மேல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அவ்வளவு அக்கறை.

மண் சுவர், பனையோலைக் கூரை. உள்ளே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நெற்கதிர்க் கட்டு, பூசணி, கரும்பு, காலைக் கட்டின கோழிகள். அறுவடைக் காணிக்கை. ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள்.

"வந்தியா, வயித்துல பால வார்த்த" என்றார் உபதேசியார். "ஒரு பாட்டு ஓடற வரைக்கும் இருந்துட்டுப் போ."

நான் வாசல் ஓரமாக நின்றேன். கக்கத்தில் ஒரு சேவலை இடுக்கிக்கொண்டு சாலமோன் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தார். "உள்ள வா மெக்கானிக்கு. எங்க சாமி உன்னப் புடிச்சி வெச்சிக்காது" என்றார். உள்ளே போனேன்.

பாதிரியார் நாற்காலியில் இருந்தார். மூக்குக்கண்ணாடி. பாட்டில் ஞானம் உள்ளவர், கண்டிப்பு என்று சாலமோன் சொன்னார். ராகேல் வெள்ளைப் புடவையில் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது அதன் மூடி மூடியிருந்தது. ஜெபம் முடிந்து உபதேசியார் மூடியைத் திறந்தார். சாவி கொடுத்தார். ஊசியை இறக்கினார்.

முதல் அடியைப் பெட்டி தனியாகப் பாடியது. தெளிவாக இருந்தது. எனக்குச் சந்தோஷம்.

அதே அடி இரண்டாம் தடவை வந்தபோது ராகேல் சேர்ந்தாள். முதல் வரி வந்துவிட்டது. இரண்டாம் வரி மேலே ஏறுகிற வரி. அவள் குரல் அங்கே பிளந்துபோயிற்று. அவள் பின்னால் வந்த பெண்கள் கீச்சென்று கத்தினார்கள். ஆண்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"இன்னாடா இது, மெக்கானிக்கு பொட்டிக்கு கள்ளு ஊத்திட்டாரா? இந்த ஓட்டம் ஓடுது!" என்று சாலமோன் முணுமுணுத்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். அது மதுவிலக்குக் காலம். உபதேசியார் முறைத்துவிட்டு ஊசியை எடுத்தார்.

"இன்னா ராகேலு?"

"தொண்ட கட்டிக்கிச்சி."

"இன்னொருவாட்டி எடு."

மறுபடியும் அதே இடம். மறுபடியும் பிளந்தது.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெட்டி வேண்டாம். பெட்டி இல்லாமல் பாடம்மா" என்றார்.

பாடினாள். ஆனால் எல்லோர் காதிலும் அந்த மேல் குரல்தான் நின்றிருந்தது. அவள் காதிலும் அதுதான். அங்கேயேதான் பிடித்தாள். அங்கேயேதான் உடைந்தது.

"சரி. உட்காரம்மா" என்றார் பாதிரியார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் 'சரி'யில் விஷயம் முடிந்துவிட்டது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ராகேல் உட்காரவில்லை. அவள் பாதிரியாரையும் பார்க்கவில்லை, ஜனங்களையும் பார்க்கவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன். அந்தப் பிளவு. காலியாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு எட்டியது. எழுபது சுற்று. சீவின குச்சி. பாட்டு மாறக் கூடாது.

குச்சியை வைத்தது அவள். அவளுக்கும் அந்த ஜனத்துக்கும் எட்டுகிற இடத்தில் பாட்டை நிறுத்தி வைத்திருந்தாள். உபதேசியாருக்குத் தெரியாது. தொட்டால் கையை ஒடிப்பேன் என்கிறவர் பக்கத்தில் நிற்கும்போது அவள் என்னிடம் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

இப்போது என்ன செய்வது? உள்ளே ஒரு குச்சி இருந்தது, நான் எடுத்துவிட்டேன் என்று சொன்னால், யார் வைத்தது என்று கேட்பார்கள். மிஷன் சாமானில் ரகசியமாகக் கை வைத்தவள் என்று வேலை கொடுக்கப் போகிறவர் எதிரிலேயே பேர் வரும். சொல்லாமல் இருந்தால் அவள் நடவுக்குப் போவாள். பாதிரியார் கையிலிருந்த புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். யோசிக்க அவ்வளவு நேரம்தான் இருந்தது.

"ஐயா, தப்பு என்னோடது" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்கள் யார்?" என்றார் பாதிரியார்.

"பொட்டி ரிப்பேர் பண்ணவன். வேகம் தப்பா வெச்சிட்டேன். அந்தம்மா தொண்டையில ஒண்ணும் இல்ல."

"மணியாட்டம் ஓடும்னு சொன்னியேப்பா!" என்றார் உபதேசியார்.

"ஓடல. ஒரு நிமிசம் குடுங்க."

பாதிரியார் என்னையே பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். கம்பியின் திருகைத் தளர்த்தினேன். தளர்ந்தால் அது நிற்காது, எதையாவது கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். மூலையில் கோயில் கூட்டுகிற துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. போய் ஒரு குச்சியை உருவினேன்.

"ஸ்பிரிங்கு மெட்ராஸ்லேந்து, குச்சி எங்க தொடப்பத்துலேந்து! நல்ல ரிப்பேருடா சாமி!" என்றார் சாலமோன். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். சேவல்கூட ஒரு சத்தம் போட்டது.

நான் பிளேட்டை ஓடவிட்டு, கம்பியை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். பாட்டு இறங்கியது. காகிதமும் வைக்கவில்லை, கடிகாரமும் பார்க்கவில்லை. ராகேல் முகத்தைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். இன்னும். இன்னும் தள்ளினேன். அதிகமாகிவிட்டது, அவள் புருவம் சுருங்கியது. ஒரு மயிரளவு திருப்பினேன். அவள் கண்ணை மூடினாள். அங்கே நிறுத்தினேன். குச்சியைப் பல்லால் கடித்து அளவாக்கிச் செருகினேன்.

ஊசியைத் திருப்பி முதலில் வைக்க உபதேசியார் கை நீட்டுவதற்குள் அவள் ஓடுகிற பாட்டிலேயே சேர்ந்துவிட்டாள்.

இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். கனத்த குரல். ஏற்றமான அந்த வரி வந்தது. ஏறிக் கடந்துவிட்டாள். ஜனங்கள் சேர்ந்தார்கள். ஓலைக் கூரையிலிருந்து தூசி விழுந்தது. மூன்றாம் அடியில் பாதிரியார் கையைக் காட்டி ஊசியை எடுக்கச் சொன்னார். பெட்டி நின்றது. அவள் நிற்கவில்லை. குரல் அந்த இடத்தைவிட்டு ஒரு நூல் நகரவில்லை, கடைசி வரி வரைக்கும்.

நான் வெளியே வந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பூசணி ஏலம் ஆரம்பித்துவிட்டது. பாதிரியார் தனியாக என்னிடம் வந்தார்.

"அதே பிளேட் என் வீட்டிலும் இருக்கிறது. பெட்டி முதலில் பாடியதுதான் அதன் சரியான குரல்" என்றார்.

நான் துடைத்த கம்பியையே திரும்பத் துடைத்தேன்.

"அப்படியென்றால் நீங்கள் ரிப்பேர் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்."

"இல்லீங்க. தப்பாத்தான் செஞ்சிட்டேன்" என்றேன்.

அவர் என் சட்டைப் பையில் இருந்த திருப்புளியைப் பார்த்தார். பெட்டியிருந்த திசையைப் பார்த்தார். "நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த 'நல்லது'க்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பிடிபட்டது. ராகேல் ஒரு தகரப் பெட்டியோடு, மகளையும் கூட்டிக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு வந்து நின்றாள். மகளைப் பெட்டி மேல் உட்காரவைத்துவிட்டு என் கடைக்கு வந்தாள். இந்தத் தடவை வெளியில் நிற்கவில்லை. மேசை வரைக்கும் வந்தாள்.

"அண்ணா, அந்தக் குச்சிய இன்னா பண்ண?"

"கோயில்லதான் கீது, பொட்டியில."

"அது நீ வெச்சது. நான் வெச்சதக் கேக்கறேன்."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்பிடி சொல்றது? அந்த மனுசன் கொடையப் புடிச்சிக்கினு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. பாட்டு மாறக் கூடாதுன்னு சொன்னேனே. அதுக்கு மேல இன்னாத்த சொல்றது?"

நான் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினேன்.

அவளே சொன்னாள். சனிக்கிழமை தோறும் கோயில் கூட்டுவது அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், உபதேசியார் அந்தப் பக்கம் போயிருந்த நேரத்தில், துடைக்கும்போது கை பட்டுக் கம்பி நகர்ந்துவிட்டது. மறுநாள் ஆராதனையில் பாட்டு இறங்கி வந்தது. அன்றைக்குத்தான் அவளால் அந்தப் பாட்டை முதல் தடவையாகக் கடைசி வரைக்கும் பாட முடிந்தது. அடுத்த சனிக்கிழமை, கையிலிருந்த துடைப்பத்திலேயே ஒரு குச்சியை ஒடித்துச் சீவிச் செருகிவிட்டாள்.

"ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நமக்கு இப்பத்தான் தொண்ட படிஞ்சிக்கிதுன்னு எல்லாம் பேசிக்கிச்சுங்க. உபதேசியாரு, தான் சொல்லிக்குடுத்ததுல வந்ததுன்னாரு" என்று சிரித்தாள்.

பஸ் வந்தது. "வரேண்ணா" என்றாள். போய்விட்டாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் என் பேர் கெட்டது உண்மை. ஒரு வருஷம் அங்கிருந்து ஒரு பெட்டியும் வரவில்லை. சாலமோன் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, "மெக்கானிக்கு, குச்சி ஸ்டாக்கு கீதா?" என்று கத்துவார். சைக்கிள் கடைக்காரர், "இன்னாய்யா அது, இவன் சந்தைக்கு சந்தை வந்து கேக்கறான்?" என்பார். "ஒண்ணும் இல்ல" என்பேன். எழுபத்தெட்டு எண்ணிக் கொடுத்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும்.

ஆனால் அவள் போன அன்றைக்கே ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவி மேசை மேல் வைத்தேன். எந்தச் சாமானைத் திறந்தாலும், உள்ளிருந்து வருவது எதுவானாலும் அதற்குள் போகும். சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் கையில் கொடுத்து, "இது எதுக்கு?" என்று கேட்பேன். அவ்வளவுதான் கேள்வி. பாதிப் பேர் "தெரியல, போட்டுடு" என்பார்கள். மீதிப் பேரிடம் ஒரு காரணம் இருக்கும்.

பழையசீவரத்துக்காரர் ஒருவர் இரும்பு ஊசிக்குப் பதில் காரை முள்ளைப் பொருத்தியிருந்தார். நான் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். வீட்டில் கைக்குழந்தை, முள்ளுக்குச் சத்தம் கம்மி, தூக்கம் கலையாது என்றார். இன்னொரு பெட்டியில் சத்தம் வருகிற வழியெல்லாம் பழைய வேட்டித் துணி அடைத்திருந்தது. "எங்க நைனா செத்து இன்னும் மூணு மாசம் ஆவல. பாட்டு கேக்காமயும் இருக்க முடியல. பக்கத்து வூட்டுக்கும் கேக்கக் கூடாது. நீ ரிப்பேர் பண்ணிட்டு துணிய இருந்த மாதிரியே அடைச்சிக் குடுத்துடு" என்றார் அந்த ஆள். அடைத்துக் கொடுத்தேன். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. பாட்டரி வைக்கிற இடத்தில் விபூதிப் பொட்டலம் இருக்கும், வேப்பிலை இருக்கும். எல்லாம் டப்பாவுக்குள் போய், திரும்பவும் சாமானுக்குள் போனது.

நீங்கள் இப்போது திறக்கிற சாமானில் குச்சி செருக இடம் இருக்காது. ஆனால் சாமானைக் கொண்டு வருகிறவர் ஏதோ ஒன்றை வேண்டும் என்றே அப்படி வைத்திருப்பார். தப்பு மாதிரித்தான் தெரியும். கையை வைப்பதற்கு முன்னால் கேளுங்கள். கூட யாராவது நின்றால், அவர் போன பிறகு கேளுங்கள்.

ஆறேழு வருஷம் போயிருக்கும். அந்தப் பெட்டி திரும்ப என் கடைக்கு வந்தது. கொண்டு வந்தவர் புது உபதேசியார், சின்ன வயசு. பழையவர் தவறிவிட்டார்.

"சாவி வழுக்குது மெக்கானிக்கு" என்றார். "அப்புறம் உள்ள ஒரு தொடப்பக் குச்சி கீது. எவனோ செருகி வெச்சிக்கிறான். அத்தப் புடுங்கிப் போட்டுடு."

திறந்து பார்த்தேன். குச்சி கறுத்துப்போயிருந்தது. ஒரு முனையில் என் பல் பட்ட தடம் இருந்தது.

"அது பார்ட்டு" என்றேன்.

"இன்னாது? தொடப்பக் குச்சியா?"

"ஆமா. அது இல்லாம உங்க ஊருக்கு பாட்டு வராது."

அவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஸ்பிரிங்கை மாற்றினேன். காகிதம் வைத்து எண்ணினேன். எழுபது இருந்தது. மூடிக் கொடுத்தேன்.